துண்டும் கார்டும்

நூறாண்டுகளுக்கு முன்பு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு காகிதம் புழங்கியது. நம் சொல்தான். துரைமார்களும் தங்கள் ஆவணங்களில் அதை அப்படியேதான் எழுதினார்கள். ஒரு தோட்டத்துத் தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்கு மாற இந்தத் துண்டு வேண்டும். 'இவர் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவரிடம் இவரை விடுவிக்கிறேன்' என்பதே அதன் சாரம்.

அந்தக் கடன் ஊரிலேயே தொடங்கிவிடும். திருநெல்வேலி, மதுரை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். நம் பக்கத்து ஆட்களில் பலர் தட்டப்பாறை முகாம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறினார்கள். வழிச்செலவு, சோற்றுச் செலவு எல்லாம் கணக்கில் ஏறும். முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே ஆள் கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போனால் புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். அது அப்படியே புதிய தோட்டத்தில் தொழிலாளியின் கணக்கில் ஏறும். பெரிய கங்காணிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யார் அதிகம் தருவார்கள் என்று தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினார்கள். துண்டு கைமாறும்போதெல்லாம் கடன் பெருகியது. அந்தப் பணத்தைத் தொழிலாளி கண்ணால் பார்த்தானா என்பது வேறு கதை. சொல்லாமல் கொள்ளாமல் போனால் சிறை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது.

பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தொடங்கி இதை எதிர்த்தார். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

இப்போது திருவேங்கடத்துக்கு வருவோம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கிடக்கும் கரிசல் பூமி. வானம் பார்த்த வெள்ளாமை. மழை பொய்த்தால் வெளியூர் போய்ப் பிழைக்க வேண்டிய நிலம். அன்று கப்பலேறினார்கள், இன்று பொறியியல் முடித்த பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். விடுமுறைக்கு வந்தால் டீக்கடையில் ஒரே கேள்விதான்: "என்னடே, இன்னுமா அந்தக் கார்டு வரல?"

அந்தக் கார்டு ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000 என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. மனைவி, பிள்ளைகளும் இந்த எண்ணிக்கைக்குள்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. அதாவது சுமார் 9,800. இந்தியா ஆனாலும் ஐஸ்லாந்து ஆனாலும் அதே அளவு. மற்றவர்கள் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் கொஞ்சம் கூடும். வரிசை நீண்டுகொண்டே போனதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வரிசையில் நிற்பவர் பொதுவாக மூன்று காகிதங்களைக் கடக்க வேண்டும். முதலில் தொழிலாளர் துறைச் சான்று: இந்த வேலைக்குத் தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும். அடுத்து ஐ-140, அதுவும் முதலாளி போடும் மனு. மூன்றாவதான ஐ-485 மட்டுமே நாம் போடுவது. அதையும் வரிசை தேதி வந்தால்தான் போட முடியும். நடுவில் வேலை மாறினால் புதிய முதலாளி முதல் இரண்டையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

2000 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் முதல் கதவைத் திறந்தது. ஐ-485 போட்டு 180 நாள் ஆகியும் முடிவு வராவிட்டால், அதே மாதிரியான வேலைக்கு மாறலாம். ஹெச்-1பியின் ஆறு வருடக் கெடுவையும் காத்திருப்போருக்கு நீட்டித்தது. ஆனால் இந்தியர்களில் பெரும்பாலோர் ஐ-485 வாசலுக்கே வரவில்லையே!

2007 ஜூலையில் அந்த வாசல் திறந்தது. எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, ஜூலை 2 அன்று 'முடிந்துவிட்டது' என்றார்கள். நம்மவர்கள் கல்லெறியவில்லை. முந்தைய ஆண்டு வந்த 'லகே ரஹோ முன்னாபாய்' படத்தின் பாணியில் குடிவரவுத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்குப் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயமுற்ற படைவீரர்களின் மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17 அன்று முடிவு மாறியது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டார்கள். அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கு, 180 நாள் கழித்து, கார்டு வராமலே வேலை மாறும் உரிமை வந்தது.

அதே ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை, ஒருவர் பெயரில் வாங்கிய தொழிலாளர் சான்றை, அவர் விலகிய பின் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது. அதனால் பழைய தேதியுள்ள சான்றுக்கு விலை இருந்தது. 2007 ஜூலை 16 முதல் அது தடையானது. சான்று வாங்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதும் தடையானது. துண்டைப் பேரம் பேசிய கங்காணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2017 ஜனவரியில் வந்த விதி அடுத்த கதவு. ஐ-140 அனுமதியாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய முதலாளி திரும்பப் பெற்றாலும், மோசடி போன்ற காரணம் இல்லாவிட்டால் அந்த மனு செத்துப் போகாது. வரிசை தேதியும் ஹெச்-1பி நீட்டிப்பும் நம்மோடு வரும். வேலை போனால் வேறு தேட 60 நாள் வரை அவகாசமும் கிடைத்தது.

தோட்டத் தொழிலாளியையும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். இவர் விரும்பிப் போனவர். ராஜினாமா செய்தால் சிறை கிடையாது. பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துவிடலாம். ஆனால் பத்து வருடம் காத்திருந்தவருக்கு அந்த டிக்கெட் அவ்வளவு லேசானதல்ல. வீட்டுக் கடன் இருக்கும். 21 வயதை நெருங்கும் மகள் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்று போகும் ஆபத்து இருக்கும். இது தெரிந்த மேலாளரிடம் சம்பள உயர்வு கேட்கும் குரல் தானாகவே இறங்கிவிடும். பதவி உயர்வு வந்தால்கூட, 'இது அதே மாதிரியான வேலைதானா?' என்று வக்கீலைக் கேட்ட பிறகுதான் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது.

இரண்டு வரலாறுகளிலும் ஆளைக் கட்டியது சங்கிலியல்ல, காகிதம். எந்த அளவுக்கு அது முதலாளியின் கையிலிருந்து தொழிலாளியின் கைக்கு வருகிறதோ அந்த அளவுக்குத்தான் சுதந்திரம். 1921இல் துண்டு போனது. கடனும் கங்காணியும் உடனே போய்விடவில்லை. 2017இல் வரிசை தேதி நம் கைக்கு வந்தது. முதல் இரண்டு காகிதங்களில் இன்னும் முதலாளியின் கையெழுத்துதான். அதனால், வேலை மாறலாமா என்று கேட்கும் தம்பிமாரிடம் புதிய சம்பளம் எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. ஐ-140 அனுமதியாகி எத்தனை நாள் ஆச்சு, அதோட நகல் உன் கையில இருக்கா என்றுதான் கேட்கிறேன்.