செருப்பு கழட்டின தெருவும் ஒரு ஜோடி கம்பூட்ஸும்

ஐப்பசி மழை பிடிச்சிக்கிச்சு. கழனி நடவு முடிஞ்சு வேலை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன். மழைக்காலத்துல வண்டி ஓட்டுறவன் கால்ல என்ன போடணும்? சின்ன விஷயமாத்தான் தெரியும். எனக்கு இதுல ஒரு விரல் போயிருக்கும், அதனால பெரிய விஷயம்.

மூணு வருஷம் முன்னாடி, இதே மாதிரி முதல் மழை. விடியற்காலை ரெண்டு கேன் பாலை வண்டியில கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போறேன். கால்ல வழக்கம்போல ரப்பர் செருப்பு. ஏரிக்கரை வளைவுல எதிர்ல மாடு வந்துச்சு, பிரேக் பிடிச்சேன், வண்டி சாய்ஞ்சுச்சு, தாங்கறதுக்காகக் காலை ஊணினேன். ரோட்டுல எண்ணெயும் மண்ணும் மழைத்தண்ணியும் கலந்து விளக்கெண்ணெய் தடவின மாதிரி இருந்துச்சு. செருப்பு வார் பிடுங்கிக்கிட்டு ஒரு பக்கம் போச்சு, கால் இன்னொரு பக்கம் போச்சு. சுண்டுவிரல் எலும்பு முறிஞ்சது, குதிகால் தோல் உரிஞ்சது. பால் மொத்தமும் ரோட்டுல. காயத்தைவிட டாக்டர் சொன்னதுதான் பயமுறுத்துச்சு: "இந்தப் புண்ணோட சேத்துல இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் வரும்." எலி மூத்திரம் கலந்த தண்ணி புண் வழியா உள்ள போனா வர்ற நோய் அது. நடவு நேரத்துல ஒன்றரை மாசம் வரப்பு மேல நின்னு வேடிக்கை பாத்தேன்.

படுத்திருந்த நேரத்துலதான் செருப்போட வரலாறு பக்கம் போனேன். போகப் போக அது உலகமெல்லாம் சுத்தி எங்க தெருவுக்கே வந்து நின்னுச்சு.

முதல்ல ரப்பர். அமேசான் காட்டு மக்கள் பல தலைமுறையா ரப்பர் மரத்துப் பாலை அச்சு மேல பூசி, புகையில காட்டி, திரும்பப் பூசி, காலணி செஞ்சிருக்காங்க. தண்ணி புகாத அந்தச் செருப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டோட முதல் பாதியில கப்பலேறி அமெரிக்காவுக்குப் போச்சு. ஆனா ஒரு தொல்லை. வெயில்ல பிசுபிசுன்னு உருகும், குளிர்ல கட்டையாகி வெடிக்கும். சார்லஸ் குட்இயர்ங்கிற அமெரிக்கர் இதுக்கு வழி தேடி, கடன்பட்டு, ஜெயிலுக்கும் போய், கடைசியில 1839-ல ரப்பரோட கந்தகத்தைச் சேர்த்துச் சூடு பண்ணினா அது உருகவும் செய்யாது, வெடிக்கவும் செய்யாதுன்னு கண்டுபிடிச்சார். 1844-ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நாம ஓட்டுற வண்டி டயரும் நாம போடுற ரப்பர் செருப்பும் அந்த ஒரே அடுப்புல இருந்து வந்ததுதான்.

அந்த உரிமையை வாங்கிக்கிட்டு ஹைரம் ஹட்சின்சன்ங்கிற இன்னொரு அமெரிக்கர் 1853-ல பிரான்சுல பூட்ஸ் கம்பெனி ஆரம்பிச்சார். அவர் யாருக்கு வித்தார் தெரியுமா? நம்மள மாதிரி விவசாயிங்களுக்கு. அந்த ஊர்க் குடியானவங்க அதுவரைக்கும் மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் சேத்துல வேலை செஞ்சாங்க. சாயங்காலம் காய்ஞ்ச காலோட வீட்டுக்கு வர்றது அவங்களுக்குப் புதுசு. கம்பூட்ஸ் நல்லா பரவ ஆரம்பிச்சது ஒரு விவசாயியோட ஈரக்காலைப் பாத்துத்தான்னு தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சு.

இங்கிலாந்துல இந்த பூட்ஸுக்கு வெலிங்டன்னு பேரு. அந்தப் பேருக்குரியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. இவர் நம்ம பக்கம் வந்தவர். 1799-ல திப்பு சுல்தான் மேல படையெடுக்க வேலூர்ல திரண்டு கிளம்பின கும்பெனிப் படையில கர்னலா இருந்தார். பின்னாடி வெலிங்டன் பிரபு ஆனப்புறம், தன் செருப்புத் தைக்கிறவர்கிட்ட சொல்லி, குதிரை ஏறத் தோதா, காலோட ஒட்டின மாதிரி ஒரு பூட்ஸ் செய்யச் சொன்னார். அது கன்னுக்குட்டித் தோல். ரப்பர் வந்தப்புறம் வடிவம் அப்படியே இருக்க, தோல் போய் ரப்பர் ஆச்சு. ஆக இந்த பூட்ஸ் முதல்லயே வண்டியோட்டிக்காகச் செஞ்சதுதான். என்ன, அப்போ வண்டிக்கு நாலு கால்.

1856-ல எடின்பரோவுல வட பிரிட்டன் ரப்பர் கம்பெனி வந்துச்சு. முதல் உலகப் போர்ல பதுங்குகுழியில முழங்கால் தண்ணியில மாசக்கணக்கா நின்ன சிப்பாய்ங்களுக்குக் கால் வீங்கி, கறுத்து, அழுகிச்சு. நிறைய பேருக்குக் காலையே எடுத்தாங்க. அந்த சேத்துல நம்ம நாட்டுச் சிப்பாய்களும் நின்னாங்க. ராணுவம் அந்தக் கம்பெனிகிட்ட மட்டும் சுமார் 12 லட்சம் ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிச்சு. ஈரக்கால் ஒரு ஆளை எப்படி முடக்கும்னு அரசாங்கங்களுக்குப் புரிஞ்சது அப்போதான். நடவு நடுற நம்ம பொம்பளைங்களுக்கு அது எப்பவோ தெரியும். சேத்துப்புண்ணுக்கு மஞ்சளும் மருதாணியும் அரைச்சு வெச்சுக்கிட்டு மறுநாளும் இறங்கினாங்க, அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வரேன்.

எங்க ஊர் பாலாத்தங்கரை. சின்ன வயசுல எங்க கிணத்துல கவலை ஓடினது மங்கலா ஞாபகம் இருக்கு. தெற்கே கமலைன்னு சொல்லுவாங்க. அந்தச் சாலுக்குத் தோல்வால் தைக்க ஒரு பெரியவர் வருவார். ஆவாரம்பட்டையிலயும் கடுக்காயிலயும் ஊறவெச்சுப் பதம் பண்ணின மாட்டுத்தோல். தைச்சு முடிச்சு விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பார். வருஷம் முழுக்கத் தண்ணியில கிடந்தாலும் அது அழுகாது. எங்க தாத்தாவுக்குச் செருப்பும் அவர்தான் தைச்சுக் கொடுத்தார். அடி கனமா, மேல ரெண்டு பட்டை, நடந்தா கர்ர் கர்ர்னு சத்தம்.

அந்தப் பெரியவர் எங்க தெருமுனை வரைக்கும் செருப்போட வருவார். முனையில கழட்டிக் கையில எடுத்துக்குவார். திரும்பிப் போறப்போ முனை தாண்டித்தான் போடுவார். மழை, வெயில், முள்ளு எதுக்கும் விலக்கு இல்ல. ஊருக்கே செருப்பு தைச்சவர் ஊர்த்தெருவுல செருப்பு போட முடியாது. அப்போ எனக்கு ஏழெட்டு வயசு. தாத்தா வயசுல இருந்த அவரை நான் பேர் சொல்லி, வா போன்னுதான் கூப்பிட்டேன். வீட்டுல யாரும் தப்புன்னு சொல்லல. அவரும் ஒண்ணும் சொல்லல. இதை எழுதும்போது கை கூசுது. ஆனா செருப்போட வரலாறுன்னு தலைப்பு போட்டுட்டு வெலிங்டன் பிரபுவைச் சொல்லி இதைச் சொல்லாம விட்டா அது வரலாறு இல்ல. இது எங்க ஊர்ல மட்டும் நடந்ததும் இல்ல. தமிழ்நாட்டுல எத்தனையோ ஊர்ல இதுதான் நிலைமையா இருந்துச்சு. அங்க செருப்பைக் கழட்டணும், சைக்கிள்ல இருந்து இறங்கணும்னு இருந்துச்சு.

அப்புறம் மாத்தம் வந்துச்சு. 1876-ல பிரேசில்ல இருந்து ஹென்றி விக்காம் கப்பல்ல கொண்டு போன ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு, நாத்தா இலங்கைக்கு வந்து, அப்புறம் கேரளா, கன்னியாகுமரி மலையெல்லாம் ரப்பர் தோட்டம் ஆச்சு. 1930-கள்ல கல்கத்தா பக்கத்துல பாட்டா கம்பெனி பெரிய தொழிற்சாலை போட்டுச்சு. பின்னாடி ஹவாய் செருப்பு ஊர் ஊரா சந்தைக்கு வந்துச்சு. தைக்கிறவரைத் தேடிப் போக வேண்டாம், அளவு கொடுக்க வேண்டாம், காசு கொடுத்தா யாருக்கும் ஒரே செருப்பு. 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துச்சு. கிராமத்துக்கு வண்டின்னா அதுதான். உரமூட்டை, பால்கேன், புல்லுக்கட்டு, பொண்டாட்டி பிள்ளை எல்லாம் அதுலதான். ஹவாய் செருப்பும் டிவிஎஸ்ஸும் ஜோடி சேர்ந்தது அப்படித்தான். ரெண்டும் மலிவு, ரெண்டும் எல்லாருக்கும். ஆனா மழையில ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு என் சுண்டுவிரல் சொல்லும்.

தோல் விஷயத்துலயும் ஒரு கதை இருக்கு. ஆவாரம்பட்டைப் பதத்துக்கு வாரக்கணக்காகும். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல மெட்ராஸ்ல ஆல்ஃபிரட் சாட்டர்டன்ங்கிற அதிகாரி குரோம் பதத்தைக் கொண்டு வந்தார். அது சீக்கிரம் முடியும், தோலும் ஈரத்தை நல்லாத் தாங்கும். 1948-ல அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு எங்க பாலாத்து ஓரமே தோல் சீமையாச்சு. இங்க தைக்கிற பூட்ஸ் ஐரோப்பாவுல விக்குது. கூடவே தோல்ல இருந்து வந்த உப்பும் குரோமும் ஆத்துல இறங்குச்சு. 1996-ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. எங்க கிணத்துத் தண்ணி அதுக்குள்ள கரிக்க ஆரம்பிச்சிடுச்சு. தென்னை நுனி கருகுச்சு. யாரோ ஒருத்தர் கால் நனையாம இருக்க எங்க தண்ணி போச்சுன்னு கோபமா நினைச்சிருக்கேன். ஆனா அதே கம்பெனிங்களுக்குள்ள எங்க ஊர்ப் பொண்ணுங்க எத்தனை பேர் பஸ் ஏறிப் போய் சம்பளம் வாங்கறாங்கன்னும் தெரியும். ரெண்டையும் ஒரே மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இங்க வாழறோம்.

கால் கட்டோட இருந்தப்போ என்னைப் பாக்க ஒரு பையன் வந்தான். அந்தப் பெரியவரோட பேரன். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். புல்லட்டுல வந்து எங்க வாசல்லயே நிறுத்தினான். முழங்கால் உயரக் கறுப்பு பூட்ஸ். கழட்டாமத் திண்ணையில உக்காந்தான். "அண்ணே, செருப்பு போட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"ன்னான். அவன்கிட்ட கேட்டும், அப்புறம் நானே மூணு மழைக்காலம் போட்டுப் பாத்தும் தெரிஞ்சுக்கிட்டதை இங்க தரேன்.

கழனிக்குப் போடுற கம்பூட்ஸையே வண்டிக்கும் போடலாம்னு நான் நினைச்சேன். தண்ணி புகாது, உண்மை. ஆனா ஒரு நம்பர் பெருசா லொடலொடன்னு இருந்தா பிரேக் மிதிக்கறது காலுக்குத் தெரியாது. கியர் வண்டியா இருந்தா கனமான மூக்கு கியர் லிவருக்கு அடியில நுழையாது. கடையில வாங்கும்போதே வண்டி மேல உக்காந்து பிரேக்கும் கியரும் போட்டுப் பாருங்க. கடைக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்க. ஆழமான பள்ளம் இருந்தா சேத்துல நல்லது, ஆனா களிமண் அடைச்சுக்கிட்டு ஃபுட்ரெஸ்ட்ல வழுக்கும். வண்டி ஏறுமுன்ன வரப்புப் புல்லுல தேய்ச்சுக்கணும். ஒண்ணும் பள்ளமே இல்லாத வழவழ அடி வேண்டவே வேண்டாம்.

மலிவு கம்பூட்ஸ் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். சைலன்சர்ல பட்டா உருகும். மடிப்புல ரெண்டாம் வருஷம் வெடிக்கும். ரப்பர் கனமா இருக்கும், விலையும் கூட, ஆனா ரோட்டைப் பிடிக்கும்.

மழை பேன்ட்டை பூட்ஸுக்கு உள்ள சொருகாதீங்க, மேல விடுங்க. நான் முதல் மழையில உள்ள சொருகிட்டு, சொசைட்டி போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு காலும் ரெண்டு சொம்புத் தண்ணி சுமந்தேன்.

மூச்சு விடுற துணி வெச்ச பூட்ஸ்னு ஒண்ணு விலை அதிகமா வருது. 1969-ல பாப் கோர்ங்கிறவர் டெஃப்லானை வெடுக்குனு இழுத்துக் கண்டுபிடிச்ச கோர்டெக்ஸ் வகை. அதோட ஓட்டை வழியா வேர்வை ஆவி வெளிய போகும், மழைத்துளி உள்ள வராது. நல்ல சரக்குதான். ஆனா வெளியவும் உள்ளயும் ஒரே புழுக்கமா இருக்குற நம்ம மழைக்காலத்துல ஆவி போக இடமில்ல. தினமும் அஞ்சு கிலோமீட்டர் போற எனக்கு அது தேவைப்படல. தூரம் போறவங்க யோசிக்கலாம்.

தோல் பூட்ஸ் வெச்சிருந்தா, நனைஞ்சப்புறம் அடுப்புப் பக்கமும் வெயில்லயும் வைக்காதீங்க. பழைய பேப்பரை உள்ள திணிச்சு நிழல்ல காயவிடுங்க. காய்ஞ்சப்புறம் எண்ணெய் கொஞ்சம். விளக்கெண்ணெய் போடலாமான்னு அந்தப் பையன்கிட்ட கேட்டேன். "போடலாம்ணே, எங்க தாத்தா போட்டதுதானே"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன், ஆனா அவன் கண்ணைப் பாக்க முடியல.

இப்ப நான் போடுறது கணுக்காலுக்கு மேல வர்ற சாதாரண ரப்பர் பூட்ஸ். ஆத்திர அவசரத்துக்குக் கழட்டி மாட்டலாம், குதிகால் பிடிப்பா இருக்கு. ஹவாய் செருப்பு வீட்டுக்குள்ள மட்டும். என் பையனுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கேன். போட மாட்டேங்கிறான், ஸ்டைலா இல்லையாம். சுண்டுவிரலைக் காட்டினா கொஞ்ச நேரம் போடுறான்.

போன வாரம் அந்தப் பையனோட அப்பா எங்க தெரு வழியா மழையில வண்டியில போனார். கால்ல பூட்ஸ், தெருமுனையில நிக்கல. நான் திண்ணையில இருந்து "மழை விட்டுப் போங்கண்ணே"ன்னு குரல் கொடுத்தேன். அவர் கையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டார். அவருக்கு அது ஞாபகம் இருக்கான்னு நான் கேட்டதில்ல. எனக்கு இருக்கு.

மேகம் திரும்பவும் கூடுது. மாட்டுக்குப் புல்லு அறுக்கணும். நீங்க மழையில வண்டிக்கு என்ன போடுறீங்கன்னு எழுதுங்க. ஆனா முதல்ல அந்த ரப்பர் செருப்பைக் கழட்டி வெச்சிட்டு வண்டி எடுங்க.