பீர் ஆலையில் பிறந்த வளைகோடு

உயிர்வேதியியல் வகுப்பில் நொதி வினை என்றதும் மைக்கேலிஸ், மென்டன் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி, சமன்பாட்டைப் போர்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வருஷக்கணக்காக அந்தப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கதையின் சுவையான பாதி அதற்கு முன்பே நடந்துவிட்டது. அதுவும் பீர் ஆலையில்.

இங்கிலாந்தில் ட்ரெண்ட் நதிக்கரையில் இருக்கிறது பர்ட்டன். நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். வெளிர்நிற பீருக்கு அந்தத் தண்ணீர் தோது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் அங்கிருந்து பீப்பாய்கள் கப்பலேறின. மால்ட் எப்போது சர்க்கரையாகும், ஈஸ்ட் எப்போது வேலையை முடிக்கும் என்பதெல்லாம் அங்கே காசு சம்பந்தப்பட்ட கேள்விகள். அதனால் முதலாளிகள் வேதியியலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

அப்படி பாஸ் ஆலைக்கு வந்த அயர்லாந்துக்காரர் கொர்னீலியஸ் ஓ'சல்லிவன். சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் என்ற நொதியை ஈஸ்டிலிருந்து பிரித்து, டாம்ப்சன் என்பவரோடு சேர்ந்து 1890-இல் நீண்ட கட்டுரை எழுதினார். சர்க்கரைக் கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பும்; உடைய உடைய அது இடப்பக்கம் போகும். போலாரிமீட்டரில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல். புதிதாகப் பிறந்த குளுக்கோஸ் தன் நிலையான அளவுக்கு வர நேரமாகும். அதுவரை கருவி காட்டுவது பொய்க்கணக்கு. கொஞ்சம் காரம் சேர்த்தால் நொதியும் நின்றுவிடும், குளுக்கோஸும் உடனே நிலைக்கு வந்துவிடும் என்று இருவரும் கண்டார்கள். கைப்பக்குவம் என்றால் இதுதான். சர்க்கரை கூட இருந்தால் நொதி கூடுதல் சூட்டையும் தாங்குகிறது என்றும் கவனித்தார்கள். இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு அதுவே தடயம்.

மிச்சமிருக்கும் சர்க்கரைக்கு ஏற்றபடி வேகம் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. பர்ட்டன் ஆலையொன்றில் வேலை பார்த்துவிட்டு பர்மிங்காமில் பேராசிரியரான ஏட்ரியன் பிரவுன் அதை ஏற்கவில்லை. சர்க்கரை தாராளமாக இருக்கும்போது, அதை இன்னும் கூட்டினாலும் குறித்த நேரத்தில் உடைவது ஏறக்குறைய அதே அளவுதான் என்று 1902-இல் காட்டினார். மூன்று நாற்காலி உள்ள சலூனில் பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தாலும் முப்பது பேர் காத்திருந்தாலும் முடிவெட்டும் வேகம் ஒன்றுதானே? சர்க்கரையோடு சேர்ந்த நொதி சிறிது நேரம் அப்படியே பிடிபட்டிருக்கிறது என்றார் பிரவுன். அடுத்த வருஷமே பாரிஸில் விக்டர் ஹென்றி அதைச் சமன்பாடாக்கினார்.

1913-இல் பெர்லினில் லியோனோர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து வந்த டாக்டர் மாட் மென்டனும் செய்தது அளவீட்டைச் சுத்தப்படுத்தியது. அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைத்தார்கள். அதை அளக்கும் பிஹெச் அளவுகோலை 1909-இல் தந்த சோரன்சன் வேலை பார்த்ததும் கார்ல்ஸ்பெர்க் பீர்க்காரர்கள் நிறுவிய ஆய்வகத்தில்தான். நேரம் ஆக ஆக சர்க்கரை குறையும். உடைந்து வந்த பொருள்களும் நொதியைப் பிடித்துக்கொண்டு தடுக்கும். ஆகவே ஆரம்ப வேகத்தை மட்டும் எடுத்தார்கள். அதே கட்டுரையில் வினையின் முழு ஓட்டத்துக்கும், அந்தத் தடையைச் சேர்த்தே, கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் பாடப்புத்தகங்கள் ஆரம்ப வேகத்தை வைத்துக்கொண்டு முழு ஓட்டத்தை விட்டுவிட்டன. பர்ட்டன்காரர்கள் கேட்டதோ அதைத்தான். சில நூல்கள் ஹென்றியின் பெயரையும் அந்தச் சமன்பாட்டோடு சேர்க்கின்றன. என்னைக் கேட்டால் பிரவுன் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.