குடியிருப்போர் நலச் சங்கம்: சாமளாபுரம் வட்டாரம்

குடியிருப்போர் நலச் சங்கம் என்பது ஒரு தெருவிலோ வீட்டுமனைப் பிரிவிலோ வாழ்வோர் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை ஆகியவை தொடர்பான தேவைகளைக் கூட்டாகக் கேட்டுப் பெறவும், இயன்றதைத் தாமே செய்துகொள்ளவும் ஊதியமின்றி நடத்தும் அமைப்பாகும். தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புகள், ஏழு பேராவது சேர்ந்து, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு பெறுகின்றன. பதிவு பெற்றபின் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்வது கட்டாயம். பதிவு என்னும் படியையே ஏறாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் உண்டியலையும் கொண்டு நடப்பவையும் பல உண்டு.

சாமளாபுரம், திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டத்தில், கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே நொய்யல் கரையில் அமைந்த பேரூராட்சி. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் குறுக்கே அணைகள் கட்டி, வாய்க்கால் வழியே வெள்ளத்தைக் குளம் குளமாக நிரப்பிய பழைய பாசனத் தொடரில் இவ்வூர்க் குளமும் ஒரு கண்ணி. கொங்கு நாட்டில் ஏரியைக் குளம் என்றே வழங்குவர். வாய்க்காலில் மண் அள்ளுவதும் மதகைத் திறந்து மூடுவதும் ஒரு குடும்பத்தால் ஆகிற வேலைகள் அல்ல என்பதால், அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் பொதுவேலையின் வேர் இவ்வட்டாரத்தில் தெருவைவிடக் குளத்தில்தான் இருக்கிறது.

இவ்வழக்கத்துக்கு எழுத்துச் சான்று தேடுவோர் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையே (கி.பி. 919, 921) முதலில் காட்டுவர். அங்கே ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், அமைக்கப்பட்டன. மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் இச்சான்றில் பலர் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவர் பெயரே குடத்துக்குள் போயிற்று. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில், நீர் பெறும் குடிகளே உழைப்பைத் தந்து கரையைப் பழுதுபார்த்தனர். 1858இல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் கட்டாய உழைப்புச் சட்டமாக்கப்பட்டது. பெரிய நீர்நிலைகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் சேரச் சேர, ஊராரின் உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே தேய்ந்தன. 2017இல் தமிழக அரசு அப்பெயரை மீட்டு, ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்நீரால் பாசனம் பெறுவோர், பத்தில் ஒரு பங்கைத் தரவேண்டும் என்ற விதியோடு குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கியது.

நகரச் சங்கங்களுக்கு இன்றைய உருவைத் தந்தது 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா. வீட்டுக்கு வீடு சிறு மாதச் சந்தா திரட்டி, மூன்று சக்கர வண்டியில் குப்பை சேகரிக்க ஆள் அமர்த்திய அதன் தெருக் கிளைகள், மாநகராட்சி வரும்வரை காத்திராத வழியொன்றைக் காட்டின. 1997–98இல் வந்த ‘நமக்கு நாமே’ திட்டம், மக்கள் ஒரு பங்கைத் தந்தால் மீதியை அரசு தரும் என்றாக்கியதால், சந்தா திரட்டத் தெரிந்த சங்கத்துக்குப் புதிய மதிப்பு வந்தது.

நொய்யல் வட்டாரத்தில் மக்கள் சங்கத்தின் ஆற்றலை நாடே அறிந்தது ஒரு வழக்கின் வாயிலாக. திருப்பூரின் சாய, சலவை ஆலைகளின் கழிவுநீர், நொய்யலின் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு உதவாத உப்புநீர்த் தேக்கமாக்கியபோது, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. சங்கத்துக்குச் சாதகமாக 2006இல் வந்த தீர்ப்பை 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அது நிறைவேற்றப்படாததால், 2011 ஜனவரி 28 அன்று ஏறத்தாழ 700 ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை இங்குக் கட்டாயமானதற்கு இவ்வழக்கே காரணம். வாதிட்டவர்கள் ஆற்றின் கீழ்க்கோடியில் இருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. திருப்பூருக்கு மேற்கே, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சாமளாபுரத்துக்குச் சாயக்கழிவைவிடக் கோவையிலிருந்து இறங்கும் சாக்கடையே சிக்கல்.

சாமளாபுரத்தின் பெயர் வெளியே பரவியது 2017இல். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்ற 2016 டிசம்பர் 15 உச்ச நீதிமன்ற ஆணையால் தமிழ்நாட்டில் மூடப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளுக்கு மாற்றிடம் தேடியபோது, அவை குடியிருப்புகளுக்கு நடுவே வந்தன. சாமளாபுரத்தில் அப்படியொரு கடை கூடாதென்று 2017 ஏப்ரல் 11 அன்று பெண்கள் பெருந்திரளாகச் சாலையில் அமர்ந்தனர். காவல் துறை தடியடி நடத்தியது; உயரதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகி, மாநிலமெங்கும் கடை எதிர்ப்புப் போராட்டங்களுக்கு வேகம் கொடுத்தது.

அன்று கூடியோர் ஏன் சாலைக்கு வந்தனர் என்பதற்கு நிருவாகக் காரணம் ஒன்றுண்டு. ஊராட்சிக்குக் கிராம சபை இருந்தது, பேரூராட்சிக்கு அப்போது அத்தகைய சபை இல்லை. உறுப்பினரிடம் முறையிடவும் வழியில்லை, ஏனெனில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 வரை நடைபெறவே இல்லை. அந்த ஐந்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளியில், பதிவு பெற்றதோ பெறாததோ, சங்கம்தான் குடியிருப்போர் தம் பெயரால் பேசக் கிடைத்த ஒரே வாய்.

இவ்வட்டாரத்துக்குச் சங்கம் புதிதும் அன்று. சோமனூர், பல்லடம் பகுதிகளில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள், பாவும் நூலும் தரும் ஜவுளி உற்பத்தியாளர்களோடு சங்கமாக நின்றே கூலி பேசுகின்றனர். 2022 ஜனவரியில் கூலி உயர்வு ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தறிகளை நிறுத்தினர். மனு எழுதவும் பேச்சுவார்த்தைக்கு உட்காரவும் பழகிய கைகளே தெருச் சங்கத்துக்கும் வருகின்றன. ஆனால் வீட்டோடு தறிக்கூடம் உள்ள தெருவில் இரவுபகலாக ஒலிக்கும் தறிச் சத்தத்தைப் பற்றி எந்தச் சங்கமும் எளிதில் வாய் திறப்பதில்லை. சோறு வருவது அதிலிருந்துதான்.

சங்கத்தின் பெருங்குறை அதன் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது. பனியன் ஆலைக்கும் தறிக்கும் வந்த தென் மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் ‘லைன் வீடு’ எனப்படும், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். சந்தாவும் வாக்கும் பெரும்பாலும் வீட்டு உரிமையாளருடையவை. தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவரும் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவரும் வாடகைக்காரர். உத்திரமேரூரின் சொந்த மனை விதி எந்தச் சங்க விதிப்புத்தகத்திலும் எழுதப்படாமலே இங்கே நடைமுறையில் இருக்கிறது.

மாவட்டத்தில் வேறு வகைத் தன்னார்வமும் வளர்ந்துள்ளது. 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டிருக்கிறது. பறவை ஆர்வலர்கள் பல்லாண்டுகள் கணக்கெடுத்துவந்த நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. பேரூராட்சிக்குச் சபை இல்லை என்ற குறைக்கு விடையாக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்து, அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின.