எருக்கு முளைத்த வீடு

'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது நம் ஊர்ப்புறங்களில் வழங்கும் சாபம். ஆளற்றுப் பாழ்பட்ட மனைகளில் எருக்கு தழைத்து நிற்பதைக் கண்டவர்களின் வாக்கு அது. ஆகவே எங்கள் கொல்லை மதிலோரம் ஓர் எருக்கங்கன்று தலைகாட்டியபோது, வீட்டுப் பெரியவர்கள் அதனை உடனே பிடுங்கச் சொன்னதில் வியப்பில்லை. பிடுங்குமுன் அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தோம்.

சங்கப் பாடல்களிலேயே இப்பூவுக்கு இருவேறு நிலைகள் உண்டு. குறுந்தொகையின் 17ஆம் பாடலில், காமம் முற்றி மடலேறத் துணியும் ஆடவர் சூடுவது எருக்கங்கண்ணி; அது நாணம் துறந்ததன் அடையாளம். புறநானூற்றின் 106ஆம் பாடலில் கபிலரோ, எருக்கம்பூவையும் தெய்வம் மறுக்காது என்று கூறி, எளியோரையும் ஏற்கும் பாரியின் கொடைக்கு அதனை உவமையாக்குகிறார். விநாயகர் சதுர்த்தியன்று எருக்கமாலை சார்த்தும் நாம், மறுநாளே அச்செடியை வெட்டத் தயங்குவதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' (1678–1693) இச்செடியை நம் பக்கத்துப் பெயராலேயே பதிவு செய்தது. 1753இல் லின்னேயஸ் இதனை அமெரிக்கப் பாற்செடிகள் அடங்கிய 'அஸ்க்லேபியாஸ்' பேரினத்தில் சேர்த்தார். 1811இல் அது தனிப்பேரினத்துக்கு மாறியது. எனினும் உறவு அறுபடவில்லை. பாற்செடியைத் தின்று வளரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியும், எருக்கிலையைத் தின்று வளரும் நம் வெந்தய வரியனும் ஒரே பேரினத்தவை. மோனார்க் அருகிவருவது கண்டு அமெரிக்கர் தம் தோட்டங்களில் பாற்செடியைத் தேடி நடுகின்றனர். நாமோ தானே முளைப்பதைக் களைகிறோம்.

எருக்கின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. மெழுகுப் பொதிகளாகப் பூவினுள் பொருந்தியிருக்கும். அவற்றை இழுத்துச் செல்ல, மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டு போன்ற வலிய உயிர் வேண்டும். அவ்வண்டுக்கு எருக்கு தேன் தருகிறது; வண்டு எருக்குக்குக் காய் தருகிறது. ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து, நீரூற்றாமலே ஆண்டின் பெரும்பகுதி பூக்கும் பல்லாண்டுச் செடி இது. பால் கண்ணில் பட்டால் கேடு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் ஆகாது.

பெரியவர்களிடம் கபிலரைச் சொல்லி ஓராண்டு தவணை வாங்கினோம். செடி இன்று மதிலைத் தாண்டி நிற்கிறது. காலையில் கருவண்டின் ரீங்காரம் கேட்கிறது. ஆளற்ற வீட்டின் அடையாளம் என்று இதனை இனி எவ்வாறு சொல்வது?