சின்னம்மை அக்கியாகத் திரும்பிய கதை

திமிரி, ஆரணி, ஆற்காடு பக்கமெல்லாம் யாருக்காவது விலாவோரம் கொத்துக்கொத்தாகக் கொப்புளம் போட்டு எரிந்தால், பெரியவர்கள் முதலில் சொல்வது "அக்கி வந்திருக்கு, போய் எழுதிக்கோ" என்பதுதான். குயவர் வீட்டில் காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் கோடிழுத்து, சிங்கம் வரைந்து அனுப்புவார்கள். அந்தக் காவி போகும் தடத்தைக் கவனித்துப் பாருங்கள். முதுகெலும்பருகே தொடங்கி, விலாவைச் சுற்றி வந்து, நெஞ்சின் நடுவில் நின்றுவிடும். மறுபக்கம் தாண்டுவது அபூர்வம். ஏன் தாண்டுவதில்லை என்று தேடிப் போனால் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது.

அக்கியைத் தரும் வைரஸும் சின்னம்மையைத் தரும் வைரஸும் ஒன்றே. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வேரிசெல்லா ஜோஸ்டர், மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே கூட வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தட்டம்மை நிலைத்திருக்க லட்சக்கணக்கான ஜனம் வேண்டும்; சின்னக் கூட்டத்தில் எல்லாருக்கும் வந்து போனதும் அது அற்றுப்போகும். இந்த வைரஸ் வேறு வழி கண்டது. அம்மை இறங்கினாலும் உடம்பை விட்டுப் போகாமல் நரம்பில் தங்கி, நாற்பது ஐம்பது வருஷம் கழித்துத் தாத்தாவின் அக்கியாக எழும்பும். அதிலிருந்து பேரனுக்குச் சின்னம்மை தொற்றும். ஆயிரம் பேர்கூட இல்லாத கூட்டத்தோடு கடலும் மலையும் தாண்டி வர இது போதும்.

இந்த உறவு புரியவே மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது. சின்னம்மையும் பெரியம்மையும் வேறு வேறு என்று லண்டனில் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக எழுதியதே 1767இல்தான். புடாபெஸ்ட் மருத்துவர் யானோஷ் போக்காய், அக்கி வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்து 1892இல் எழுதினார். 1900இல் மருத்துவர்கள் ஹென்றி ஹெட்டும் காம்ப்பெல்லும், அக்கி வந்து இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்து, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சு சிதைந்திருப்பதைக் கண்டார்கள். எந்த நரம்பு தோலின் எந்தப் பட்டையை ஆளுகிறது என்ற வரைபடத்தை இந்தக் கொப்புளங்களை வைத்தே தீட்டினார்கள். நம் குயவர்கள் காவியால் வரைந்துவந்த எல்லையும் அதேதான்: ஒரு நரம்பு, அதன் ஒரு பக்கத்துத் தோல்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத, சைரன்செஸ்டர் என்ற ஆங்கிலேயச் சிற்றூரின் குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு வருஷம் குறித்துவைத்தார். ஷெட்லாந்தின் யெல் தீவுக்கும் போய் வீடு வீடாக விசாரித்தார். வெளியிலிருந்து தொற்றி வருவதல்ல அக்கி, உள்ளே உறங்கிய பழைய சின்னம்மை எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழும்புவது என்று 1965இல் எழுதினார். அது நிலைத்தது.

வேலூருக்கும் இதில் பங்குண்டு. குளிர் நாடுகளில் பள்ளிப் பருவத்துக்குள் வந்துவிடும் சின்னம்மை, நம் பக்கம் பலரை வளர்ந்த பிறகே பிடிக்கிறது. 1980களில் இங்கே சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானும் அசோக் வெங்கிடராமனும் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து தென்னிந்தியர்களின் ரத்தத்தில் ஹெர்பிஸ் வைரஸ்களுக்கான எதிர்ப்பொருட்களை அளந்தார்கள். 1986இல் சென்னையிலிருந்து நுண்ணுயிரியல் மாணவி நிர்மலா ரயிலில் கொண்டுவந்த ரத்த மாதிரிகளில், இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று தெரியவந்ததும் அதே சிஎம்சியில்தான். அதன்பின் இளவயதில் வரும் அக்கி மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை ஆயிற்று: எதிர்ப்புச் சக்தி சரியும்போது முதலில் எழும்புகிறவற்றில் இதுவும் ஒன்று.

உறங்குவது என்றால் என்ன? வைரஸின் மரபுச்சரம் சுமார் 1,25,000 எழுத்து நீளம், எழுபது சொச்சம் மரபணுக்கள். நரம்பு செல்லின் கருவுக்குள் அது வளையமாக மூடிக்கொண்டு, நம்முடைய ஹிஸ்டோன் புரதங்களையே சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் வாய்மூடிக் கிடக்கும். அந்த உறக்கத்திலும் படியெடுக்கப்படும் ஒரு ஆர்என்ஏவை 2018இல்தான் கண்டுபிடித்தார்கள். எழும்பும் விதத்தை அதன் பங்காளியான உதட்டுக் கொப்புள வைரஸில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு செல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது எழும் சமிக்ஞை அந்த ஹிஸ்டோன்களில் ஒரு வேதிக்குறியை ஏற்றி, பூட்டைத் தளர்த்திவிடுகிறது. நம் செல்லின் அபாய மணியே வைரஸுக்குத் துயிலெழுப்பும் மணி. எழுந்ததும் அந்தப் பங்காளி செல்லின் ஆர்என்ஏக்களை வெட்டித் தள்ளி, தன் புரதங்களைச் செய்ய வைக்கிறது. அக்கி வைரஸோ, தொற்றிய செல் தன்னைக் காட்டிக்கொடுக்க மேற்பரப்பில் நீட்டும் புரதங்களைக் குறைத்துவிடுகிறது.

மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனின் குழு தந்த அசைக்ளோவிர் இங்கேதான் பிடி போடுகிறது. வைரஸின் சொந்த நொதி தீண்டினால்தான் அந்த மருந்துக்கு உயிர் வரும். ஆகவே விழித்த வைரஸைத் தடுக்கும், உறங்குவதைத் தொடாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதும் ஆறுதலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காவி வைரஸைத் தடுக்காது. கண்ணருகே அக்கி என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

தடுப்பூசி ஒரு தகப்பனின் கவலையில் பிறந்தது. அமெரிக்காவில் இருந்தபோது மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்த ஜப்பானியர் மிச்சியாகி தகாஹாஷி, ஓகா என்ற குடும்பப்பெயர் கொண்ட சிறுவனின் கொப்புளத்திலிருந்து வைரஸை எடுத்து வீரியம் குறைத்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஓகா வகையையே உலகமெங்கும் நிறுவனங்கள் எடுத்து வளர்த்தன. 2006இல் அதே வைரஸின் அளவைக் கூட்டி முதியோருக்கான அக்கி ஊசியாகவும் வந்தது. 2017இல் வந்த புதிய ஊசியில் உயிருள்ள வைரஸே இல்லை. அதன் ஒரே ஒரு புரதமும், எதிர்ப்பைத் தூண்டிவிட சிலி நாட்டுக் கியாயா மரப்பட்டையின் சாறும் உண்டு. ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டுப் பழகிய நம் ஊருக்குப் பட்டைச் சாறு புதிதல்ல.

அந்த ஊசி 2023இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஐம்பது தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ரூபாய். ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் உழைத்து வயதானவர்களில் எத்தனை பேரால் அதை வாங்க முடியும்? அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகப் போட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.