பாட்டிலைத் திறப்பதற்கு முன்

வடக்கு அயர்லாந்தில் ஒருவன் ஒரு கத்தியும் ஒரு பாட்டில் விஸ்கியும் வாங்கினான். கத்தி மனைவிக்கு, விஸ்கி தனக்கு. குத்தத் துணிச்சல் வேண்டுமென்று வாங்கினானா, குத்திய பிறகு மனச்சாட்சியை மூழ்கடிக்க வாங்கினானா என்பது துலங்கவில்லை. முன்போ பின்போ, பாட்டிலில் பெரும்பகுதியைக் குடித்திருந்தான். மனைவி செத்துக் கிடந்தாள்.

அவள்மேல் அவனுக்கு ஆத்திரம் இருந்தது. நீதிமன்றம் போய் ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வாங்கியிருந்தாள். அவனை மனநல மருத்துவமனையில் சேர்க்கவும் அவளே காரணமாக இருந்தாள். வெளியே வந்தவன் கணக்குத் தீர்த்துக்கொண்டான்.

விசாரணையில் அவன் தரப்பில் இரண்டு வாதங்கள் வந்தன. ஒன்று, புத்தி சுவாதீனம் இல்லை. மற்றொன்று, குடிவெறி. விசாரித்தவர் வடக்கு அயர்லாந்தின் தலைமை நீதிபதி மெக்டெர்மட் பிரபு. பாட்டிலைத் திறப்பதற்கு முன் இவன் மனம் எப்படி இருந்தது என்று பாருங்கள் என்று ஜூரிகளுக்கு அவர் வழிகாட்டினார். கொலைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. குற்றவாளியின் மனநிலையைக் குற்றம் நடந்த நேரத்தில் வைத்துத்தானே அளக்க வேண்டும், முந்தைய நேரத்துக்கு எப்படிப் போகலாம் என்று கேட்டுத் தீர்ப்பை ரத்து செய்தது. ஏட்டுப்படி பார்த்தால் நியாயமான கேள்வி. அரசு விடவில்லை. வழக்கு லண்டனுக்கு, பிரபுக்கள் சபைக்குப் போனது. 1961-ல் தீர்ப்பு வந்தது.

அங்கே இருந்த நீதிபதிகளில் ஒருவர் டென்னிங் பிரபு. சட்டத்தைக் கதை மாதிரி சொல்லத் தெரிந்த மனிதர். அவர் இரண்டு சம்பவங்களை எடுத்து வைத்தார். ஒன்று 1748-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது. ஞானஸ்நான விருந்தில் மூக்கு முட்டக் குடித்த தாதி ஒருத்தி, கையிலிருந்த குழந்தையை விறகுக் கட்டை என்று நினைத்து அடுப்புத் தீயில் வைத்துவிட்டாள். மற்றதில், நண்பன் படுத்திருப்பதைப் பார்த்த குடிகாரன், நாடகத்துக்கு வைத்த பொம்மை என்று நினைத்துக் குத்திவிட்டான். கேட்கவே குலை நடுங்குகிறது. ஆனாலும் இவர்கள் இருவருக்கும் கொல்லும் எண்ணம் எந்தக் கட்டத்திலும் இருந்ததில்லை. அதனால் அது கொலையாகாது என்றார் டென்னிங். கத்தி வாங்கியவன் கதை வேறு. அவன் நிதானத்தில் இருந்தபோதே முடிவெடுத்தான், ஆயத்தமும் செய்தான். பிறகு குடித்ததைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. குடிப்பதற்கு முன் மனத்தில் இருந்த கொடுமையே கொலைக்குப் போதும். ரத்தான தண்டனைத் தீர்ப்பு மீண்டும் உயிர்பெற்றது.

குடிவெறி குற்றத்தைக் குறைக்குமா என்ற கேள்வி டென்னிங் காலத்தில் பிறந்ததில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் லெஸ்பாஸ் தீவின் மிட்டிலீன் நகரை ஆண்ட பிட்டகஸ், குடித்துவிட்டுக் குற்றம் செய்பவனுக்கு நிதானத்தில் செய்பவனைவிடக் கூடுதல் தண்டனை என்று சட்டம் போட்டார். குடிகாரனுக்கு இரக்கம் காட்டலாமா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. குடித்தவர்கள்தான் அதிகம் அடிதடியில் இறங்குகிறார்கள், ஊர் நன்மைக்கு இதுதான் ஏற்றது என்பது அவர் கணக்கு என அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் இன்னும் ஆழமாகப் போகிறார்: அறியாமல் செய்தான் என்கிறீர்கள், அந்த அறியாமையை வரவழைத்துக்கொண்டது யார்? குடிக்காமல் இருப்பது அவன் கையில்தானே இருந்தது?

இங்கிலாந்து நெடுங்காலம் இந்த வழியில்தான் நடந்தது. 1551-ல் நடந்த ஒரு வழக்கின் பதிவில், குடித்தவன் தன்னறிவின்றிக் கொன்றாலும் தூக்குத்தான் என்ற கருத்து இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடி மெல்லத் தளர்ந்தது. 1920-ல் பர்க்கன்ஹெட் பிரபு தந்த தீர்ப்பு, கொல்லும் எண்ணத்தையே உருவாக்க முடியாத அளவுக்குப் போதை ஏறியிருந்தால் அது கொலைக் குற்றமாகாது, அதைவிடக் குறைந்த குற்றம் என்று வரையறுத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மெக்காலே 1837-ல் முன்வரைவு எழுதி, 1860-ல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள். பிறர் ஏமாற்றியோ வற்புறுத்தியோ போதையேற்றி, தான் செய்வது இன்னதென்றே தெரியாத நிலைக்குப் போனவனுக்கு 85-வது பிரிவு விலக்குத் தருகிறது. தானாக விரும்பிக் குடித்தவன் 86-வது பிரிவில் மாட்டுகிறான். அந்தப் பிரிவு தொடக்கத்தில் அறிவு, கருத்து (அதாவது உள்நோக்கம்) என்று இரண்டையும் பேசுகிறது. முடிவில், நிதானத்தில் இருந்தால் இருந்திருக்கும் ‘அறிவு’ இவனுக்கும் இருந்ததாகவே கொள்ளப்படும் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. கருத்து என்ன ஆயிற்று?

1956-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பெப்சு என்று அழைக்கப்பட்ட பட்டியாலா – கிழக்குப் பஞ்சாப் ஒன்றியத்தில், 1954 மார்ச்சில் ஒரு கல்யாண வீடு. மதியப் பந்தியில் ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், பதினைந்து பதினாறு வயதுப் பையனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒன்றாகவே கல்யாணத்துக்கு வந்தவர்கள். பையன் நகரவில்லை. ஜமேதார் துப்பாக்கியை உருவி அவன் வயிற்றில் சுட்டார். ஓர் இருக்கைக்காக!

ஜமேதார் நன்றாகக் குடித்திருந்தார், தள்ளாடினார், இடையிடையே உளறினார். தீர்ப்பை எழுதிய நீதிபதி சந்திரசேகர அய்யர் மற்ற பக்கத்தையும் பார்த்தார். இவர் யார் துணையும் இல்லாமல் நடந்திருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார், சுட்டதும் தப்பியோடப் பார்த்திருக்கிறார், பிடிபட்டதும் நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். புரியாதவன் மன்னிப்புக் கேட்க மாட்டான். அறிவு இருந்ததாகச் சட்டமே கொள்ளும். கருத்தையோ, போதையின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, சூழ்நிலையிலிருந்துதான் தேட வேண்டும் என்பது அய்யரின் முடிவு. கொலைக் குற்றம் நிலைத்தது. குடிபோதையும் முன்திட்டம் இல்லாததும் தண்டனையைக் குறைக்க மட்டும் உதவின. தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை.

நம் ஊரில் அண்ணன் தம்பி, அப்பன் மகன், புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கும் குடிவெறிக் கொலைகள் பெரும்பாலும் கல்யாணப் பந்தியைப் போலத்தான். கத்தியும் விஸ்கியும் சேர்த்து வாங்கி வந்து செய்பவை குறைவு. கைக்கு அகப்பட்டதுதான் ஆயுதம்: அம்மிக் குழவி, அரிவாள்மனை, விறகுக் கட்டை. ஆகவே சின்னச் சின்ன விவரங்களே வழக்கைத் திருப்புகின்றன. எத்தனை வெட்டு, எங்கே விழுந்தது? பரணில் இருந்த அரிவாளைத் தேடி எடுத்தானா? கதவைத் தாழிட்டானா? ஆயுள் தண்டனைக்கும், கூடிப்போனால் பத்தாண்டு என்ற சிறைக்கும் நடுவே நிற்பவை இவைதான்.

இவற்றைக் கண்ணால் கண்டவர்களும் அதே வீட்டார். செத்தவனும் மகன், கூண்டில் நிற்பவனும் மகன் என்றால், தாய் என்ன சாட்சி சொல்வாள்? பாதிப் பேர் பிறழ்சாட்சி ஆவதில் எனக்கு வியப்பில்லை. ‘குடிச்சிருந்தான், சாமி. சுயபுத்தியில அடிக்கல’ என்று அவள் சொல்வது வக்கீல் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம், அவள் நிஜமாக நம்புவதாகவும் இருக்கலாம். 

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா ஆகிவிட்டது. 85-ம் 86-ம் இப்போது 23, 24. அய்யர் தடவித் தடவி அடைத்த அந்த இடைவெளி, புதிய பிரிவிலும் மெக்காலே விட்ட இடத்திலேயே இருக்கிறது.