‘படத்திலேயே காட்டினானே!’

நாட்டுத் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டால் இரண்டு விசாரணைகள் நடக்கின்றன. முதல் விசாரணையை அரசாங்கம் நடத்துகிறது. அதன் அறிக்கையை யாரும் படிப்பதில்லை. சில வருடம் கழித்து இரண்டாவது விசாரணையை சினிமாக்காரர்கள் நடத்துகிறார்கள். அதை எல்லாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். கென்னடி கொலை பற்றிய வாரன் குழுவின் அறிக்கை 888 பக்கம். சாட்சியங்களும் சான்றாவணங்களும் தனியாக 26 தொகுதிகள். நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்போம்? ஆனால் அந்தக் கொலையைப் பற்றிப் பேச்சு வந்தால், “சதிதான் சார், படத்திலேயே காட்டினானே!” என்று சொல்லாதவர் குறைவு.

அந்த “காட்டினானே”யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் பிரெஞ்சு சம்பந்தமான படங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. ஒப்பந்தம் 1956-லேயே கையெழுத்தானாலும், அல்ஜீரியப் பிரச்சினை முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்காமல் இழுத்துக்கொண்டே போனது. அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்ததற்காக தெ கோல் மீது பிரெஞ்சு இராணுவத்தில் ஒரு பகுதியினருக்குக் கடும் கோபம். அல்ஜீரியாவில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் நம் தெருக்களிலும் உண்டு என்பதால் அந்தக் கோபத்தின் கதைகள் இங்கேயும் பேசப்பட்டன. நம் இணைப்பு முடிந்து ஆறே நாளில், ஆகஸ்ட் 22 மாலை, பாரிசுக்கு வெளியே பெத்தி-கிளமார் என்ற இடத்தில் தெ கோலின் சித்ரோயேன் காரைச் சுட்டார்கள். காருக்குள் அவர், அவர் மனைவி, முன்னிருக்கையில் மருமகன். தெருவில் 187 தோட்டா உறைகள் பொறுக்கப்பட்டன. காரில் 14 தோட்டாக்கள் பாய்ந்திருந்தன. டயர் வெடித்த பிறகும் ஓட்டுநர் காரை நிறுத்தவில்லை. உள்ளே இருந்த யாருக்கும் குண்டடி படவில்லை.

திட்டம் போட்டவர் பஸ்தியான்-திரி என்ற விமானப்படைப் பொறியாளர், லெப்டினன்ட் கர்னல். கார் வருவதைப் பார்த்ததும் செய்தித்தாளை ஆட்டிச் சைகை காட்டுவதாக ஏற்பாடு. பொழுது சாய்ந்துவிட்டதால் சுடுபவர்களுக்கு அது சரியாகத் தெரியவில்லை. 1963 மார்ச் 11 அன்று அவரைச் சுட்டு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். பிரான்சில் அப்படிச் சுட்டுத் தண்டிக்கப்பட்ட கடைசி மனிதர் அவர்தான்.

‘தி டே ஆஃப் த ஜாக்கல்’ (1973) இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்கும். பிரெட் ஜின்னமன் இயக்கிய படம். பிரெடரிக் போர்சைத் பாரிசில் ராய்ட்டர் நிருபராக இருந்தவர். அவர் எழுதிய நாவல்தான் மூலம். படத்தில் முதல் சில நிமிடங்கள் உண்மை. அதன் பிறகு கூலிக்கு அமர்த்தப்படும் ஆங்கிலேயக் கொலையாளி முழுக்கக் கற்பனை. 1963 ஆகஸ்ட் 25 விழாவில் அவன் குறிபார்த்துச் சுடும் நேரத்தில், பதக்கம் வாங்கும் முன்னாள் வீரரின் கன்னத்தில் முத்தமிட தெ கோல் குனிகிறார். குண்டு தவறுகிறது. பிரெஞ்சுக்காரர்களின் பழக்கம் தெரியாததால் ஓர் ஆங்கிலேயன் குறி தவறுகிறான்! அந்த இடத்தில் சிரிக்காத பிரெஞ்சு மாணவன் இருக்க மாட்டான்.

இந்தப் படத்தால் வரலாற்றுக்குக் கெடுதல் இல்லை. தெ கோல் 1970 நவம்பரில் தன் ஊர் வீட்டில் இயற்கையாகத்தான் காலமானார் என்பது எல்லாருக்கும் தெரியும். கொலையாளி தோற்பான் என்று தெரிந்தேதான் படம் பார்க்கிறோம். அப்படியும் கற்பனை உண்மைக்குள் நுழைந்தது. 1975-ல் கார்லோஸ் என்ற பயங்கரவாதி தங்கிப்போன இலண்டன் வீட்டில் ஒரு பத்திரிகையாளர் இந்த நாவலைப் பார்த்தார். அன்றிலிருந்து அவன் ‘கார்லோஸ் த ஜாக்கல்’ ஆகிவிட்டான். புத்தகம் அவனுடையதே இல்லை, வேறொருவருடையது என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு புத்தக அட்டைக்கே இவ்வளவு சக்தி என்றால் மூன்று மணி நேரப் படத்துக்கு எவ்வளவு இருக்கும்!

ஆலிவர் ஸ்டோனின் ‘ஜே.எப்.கே.’ (1991) ஓடும் நேரம் மூன்று மணிக்கும் மேலே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. சினிமாவாக அது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தகராறு வேறு இடத்தில்.

கென்னடி சுடப்பட்டது 1963 நவம்பர் 22 பகல் 12.30 மணிக்கு, டல்லாஸ் நகரில். கைதான ஆஸ்வால்டை இரண்டாம் நாள் ஜாக் ரூபி காவல் நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் போய்விட்டதால் சந்தேகத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று. காஸ்ட்ரோவைக் கொல்லத் தான் போட்ட திட்டங்களை சி.ஐ.ஏ. வாரன் குழுவிடம் சொல்லாமல் மறைத்ததும் பின்னாளில் வெளிவந்தது. ஆகவே மக்கள் சந்தேகப்பட்டதில் தவறு சொல்ல முடியாது. 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றே “சதி இருந்திருக்கலாம்” என்றது. ஓர் ஒலிப்பதிவை வைத்து அப்படி முடிவு செய்தார்கள். அந்த ஒலி ஆதாரம் செல்லாது என்று 1982-ல் அறிவியல் அகாதமியின் குழு சொல்லிவிட்டது.

படம் இந்த ‘இருந்திருக்கலாம்’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறது. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரே குண்டு கென்னடியைத் துளைத்து, முன்னால் இருந்த ஆளுநர் கானலியையும் துளைத்தது என்பது அரசு தரப்பு. படத்தின் நீதிமன்றக் காட்சியில் இரண்டு பேரை நேர்க்கோட்டில், ஒரே உயரத்தில் உட்கார வைத்து, குண்டு காற்றிலேயே திரும்பித் திரும்பிப் போனால்தான் இது நடக்கும் என்று கதாநாயகன் கேலி செய்வார். அரங்கமே சிரிக்கும். உண்மையில் கானலி உட்கார்ந்திருந்தது ஒரு மடக்கு இருக்கை. அது கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வானது, காரின் உட்புறமாகத் தள்ளியும் இருந்தது. அந்த இடத்தில் உட்கார வைத்துக் கோடு போட்டால் குண்டு திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு நாற்காலி போட்ட விதத்தில் ஒரு சதி பிறந்துவிட்டது.

இன்னொன்று டேவிட் பெரி என்ற விமானியின் காட்சி. ஓட்டல் அறையில் அவர் பதறிப் பதறிச் சதியை ஒப்புக்கொள்வதாகப் படம் காட்டுகிறது. உண்மையான பெரி 1967 பிப்ரவரியில் சாகும் வரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதோடு, தெருவில் நின்ற ஒருவர் 8 மி.மீ. கேமராவில் எடுத்த 26 வினாடி உண்மைப் படச்சுருளையும், ஸ்டோன் தானே கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்சிகளையும் மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். எது ஆவணம், எது நடிப்பு என்று பிரிக்க நம் கண்ணால் முடியாது. அந்தப் படத்துக்குக் கிடைத்த இரண்டு ஆஸ்கர் விருதுகளில் ஒன்று படத்தொகுப்புக்குத்தான்.

அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதும்போது ஒரு விதி உண்டு. எந்த விவரத்தை எழுதினாலும் அது கடிதக் கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் எண் போட வேண்டும். எண் இல்லாத குறிப்பை அதிகாரி திருப்பி அனுப்புவார். எத்தனையோ வருடம் அதைச் செய்தவன் என்பதால், ஒரு காட்சியைப் பார்த்தாலே ஓரத்தில் எண்ணைத் தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சினிமாத் திரைக்கு ஓரம் கிடையாது. ஸ்டோன் பிறகு திரைக்கதையைக் குறிப்புகளோடு புத்தகமாக வெளியிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படம் பார்த்த கோடிக்கணக்கானவர்களில் அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்?

இதெல்லாம் நுணுக்கம் என்று சிலர் தள்ளிவிடலாம். எனக்கு நெஞ்சில் உறுத்துவது கிளே ஷா என்ற மனிதரின் கதை. நியூ ஆர்லியன்சில் சர்வதேச வணிக மையத்தை நடத்தியவர். அந்த ஊரின் பழைய பிரெஞ்சுப் பகுதி வீடுகளை இடிய விடாமல் பழுது பார்த்துக் காப்பாற்றியவர்களில் ஒருவர். நம் ஊரில் இடிந்து கிடக்கும் பழைய வீடுகளைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வேலையின் அருமை புரியும். 1967 மார்ச் 1 அன்று, கென்னடியைக் கொல்லச் சதி செய்ததாக மாவட்ட வழக்கறிஞர் ஜிம் கேரிசன் அவரைக் கைது செய்தார். சரியாக இரண்டு வருடம் கழித்து, 1969 மார்ச் 1 அன்று தீர்ப்பு. ஜூரிகள் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, நிரபராதி என்றார்கள். கேரிசன் விடாமல் பொய்ச் சாட்சி வழக்குப் போட்டார். அதை 1971-ல் மத்திய நீதிமன்றம் தடுத்தது. ஷா நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அது முடிவதற்குள் 1974-ல் இறந்துவிட்டார்.

வழக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இறந்தவருக்கு மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தார் யாரும் உயிரோடு இல்லை. அந்த மாநிலச் சட்டப்படி அப்படிப்பட்டவரின் வழக்கு அவரோடு முடிந்துவிடும். முடிந்துவிட்டது. இதற்குப் பதிமூன்று வருடம் கழித்துப் படம் வருகிறது. கேரிசன் கதாநாயகன், கெவின் காஸ்ட்னர் நடிக்கிறார். கிளே ஷா அதே பெயரில் வில்லன். ஜூரி விடுதலை செய்ததையும் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் மூன்று மணி நேரமாக அவரைக் குற்றவாளியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். வெளிநாடு போய்வரும் வணிகர்கள் பலர் சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் சொன்ன காலம் அது, ஷாவும் சொல்லியிருக்கிறார். அதையே பெரிய மர்மமாகக் கடைசியில் எழுத்தில் போடுகிறார்கள். மறுத்துப் பேச அவருக்கு வாரிசு இல்லை.

இந்தப் படத்தால் ஒரு நன்மை நடந்ததை மறைக்கக் கூடாது. கோப்புகள் 2029 வரை பூட்டிக் கிடக்கும் என்று படம் சொன்னதும் மக்கள் கொதித்தார்கள். 1992-ல் அமெரிக்கா தனிச் சட்டம் போட்டு ஆவணங்களைத் திறக்க ஆரம்பித்தது. இன்று ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோப்பைத் திறக்க வைத்தது ஸ்டோனின் புண்ணியம். திறந்த கோப்பில் இரண்டாவது துப்பாக்கிக்காரனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது அவர் சொல்லாத பாக்கி.

பெயர் சொல்லாமலே இதைச் செய்யலாம் என்று ஒரு பிரெஞ்சுப் படம் முன்பே காட்டியிருந்தது. ஆன்ரி வெர்னேயின் ‘இக்காரஸ்’ படம், 1979-ல் வந்தது. ஏதோ ஒரு நாடு, ஏதோ ஒரு ஜனாதிபதி. சுட்டதாகச் சொல்லப்படுபவன் பெயர் தஸ்லோவ். ஆஸ்வால்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வருவது அது. புரிகிறவர்களுக்குப் புரியும். எந்த மனிதரின் நல்ல பெயரும் கெடவில்லை.

சதியை நம்பவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். சதி நடப்பதுண்டு. 1963 மே 22 இரவு கிரீஸ் நாட்டுத் தெசலோனிக்கியில், அமைதிக் கூட்டம் முடிந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் லம்பிராக்கிஸ் மீது ஒரு மூன்று சக்கர வண்டி பாய்ந்தது. வண்டியில் இருந்தவன் தடியால் மண்டையில் அடித்தான். அவர் ஒரு டாக்டர், நீளம் தாண்டுவதில் புகழ் பெற்றவர். ஐந்து நாளில் இறந்தார். போலீஸ் அதை விபத்து என்றது. ஓடும் வண்டியில் ஒருவர் தாவி ஏறி அந்த ஆட்களோடு மல்லுக்கட்டியிராவிட்டால் விபத்தாகவே முடிந்திருக்கும். மண்டையோட்டுக் காயம் அடியால் வந்தது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. சர்த்செத்தாக்கிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதி, மேலிடத்து நெருக்கடிக்கு மசியாமல் சாட்சி சாட்சியாக விசாரித்து, காவல் துறையின் உயர் அதிகாரிகள் மீதே குற்றம் சாட்டினார். 1966 வழக்கில் அதிகாரிகள் விடுதலையானார்கள். அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நீதிபதிக்கு வேலை போயிற்று, சிறையும் கிடைத்தது.

இதைத்தான் கோஸ்தா-கவ்ராஸ் ‘ஸெட்’ (1969) என்று எடுத்தார். இங்கே ‘இசட்’ என்பார்கள். கிரீசில் எடுக்க முடியாததால் அல்ஜியர்சில் எடுத்தார். இசையமைத்த தியோதராக்கிஸ் அப்போது இராணுவ ஆட்சியின் பிடியில் இருந்தார். இந்தப் படத்துக்கும் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. கத்தரிக்கோல் வேகத்தில் இதுவும் ‘ஜே.எப்.கே.’வுக்குச் சளைத்ததல்ல. ஆனால் அதன் பின்னால் ஒரு நீதிபதியின் கோப்பு இருந்தது. ஆதாரம் கையில் இருந்தும் கோஸ்தா-கவ்ராஸ் நாட்டின் பெயரையோ ஆட்களின் பெயரையோ படத்தில் சொல்லவில்லை. யாரைக் குறிக்கிறது என்பதில் ஒளிவு மறைவும் இல்லை. உண்மை மனிதர்களோடு உள்ள ஒற்றுமை வேண்டுமென்றே வைத்ததுதான் என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டினார்.

அந்த நீதிபதி சர்த்செத்தாக்கிஸ் 1985-ல் கிரீஸ் நாட்டின் ஜனாதிபதி ஆனார், ஐந்து வருடம் பதவியில் இருந்தார்.

இன்று வீட்டுக்கு வீடு செல்பேசியில் இப்படிப்பட்ட படங்களும் தொடர்களும் வந்து குவிகின்றன. பேரப்பிள்ளைகள் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: படத்தில் நிஜ மனிதரின் பெயர் வந்ததா? அவர் மேல் சொன்ன குற்றம் எந்த விசாரணையில், எந்தத் தீர்ப்பில் இருக்கிறது? மறுத்துச் சொல்ல அவருக்கு யாராவது இருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் போகிற பிள்ளை வரலாறு படிக்க ஆரம்பித்துவிடும். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், கிளே ஷாவின் கதையை நீங்கள் சொல்லுங்கள்.